வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் ஒரே நேரத்தில் அளந்தால்தான் கணக்கு வரும்

திண்டுக்கல்லில் வீட்டு உபயோகச் சாமான்கள் ரிப்பேர் பார்க்கிற கடை என்னுடையது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை பழக வருகிற பையன்கள் எல்லோருக்கும் ஓம் விதி மனப்பாடம். முக்கோணம் போட்டு, வேண்டியதை விரலால் மறைத்து, மிச்சத்தைப் படித்து விடை சொல்வார்கள். ஆனால் மேஜையில் ஒரு இஸ்திரிப் பெட்டியை வைத்து, "தம்பி, இது இப்ப எத்தனை வாட் இழுக்குது?" என்று கேட்டால், பெட்டியைத் திருப்பி ஸ்டிக்கரைப் படிக்கிறார்கள். அது கம்பெனி எழுதின வாட். இந்த நிமிஷம் இழுக்கிற வாட் எவ்வளவு என்று மீட்டர் வைத்துத்தான் சொல்ல முடியும்.

சூத்திரம் இரண்டே வரி.

வோல்ட் ÷ ஆம்ப்ஸ் = ஓம்
வோல்ட் × ஆம்ப்ஸ் = வாட்

வகுத்தால் மின்தடை, பெருக்கினால் மின்திறன். இந்த இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று போட்டால் இன்னும் இரண்டு வரும்: வோல்ட் × வோல்ட் ÷ ஓம் = வாட்; ஆம்ப்ஸ் × ஆம்ப்ஸ் × ஓம் = வாட். நான்கில் எதைப் பிடிப்பது என்பது கையில் எந்த இரண்டு எண்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அந்த இரண்டு எண்களும் ஒரே பொருளில், ஒரே நேரத்தில், அது ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தவையாக இருக்க வேண்டும். ஒன்றை ஸ்டிக்கரிலிருந்தும் இன்னொன்றை மீட்டரிலிருந்தும் எடுத்துப் பெருக்கினால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

ஒரு டெய்லர் கடைப் பெட்டியை வைத்தே பார்த்துவிடலாம். ஸ்டிக்கரில் 230 வோல்ட், 1000 வாட். "அண்ணே, சூடு பத்தல, காயிலை மாத்திருங்க" என்று, உள்ளே சூடாக்குகிற கம்பிச் சுருளை மாற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். பிளக்கில் சொருகி, பெட்டி ஓடும்போது அளந்தால் 218 வோல்ட், 4.1 ஆம்ப்ஸ்.

218 ÷ 4.1 = 53.2 ஓம்
218 × 4.1 = 894 வாட்

1000 வாட் வர வேண்டிய இடத்தில் 894 வாட்தான் வருகிறது, அதனால் காயில் போய்விட்டது என்று முடிவு கட்டத் தோன்றும். முதலில் ஸ்டிக்கர்படி காயில் எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்று பாருங்கள். 230 × 230 = 52,900. அதை 1000 ஆல் வகுத்தால் 52.9 ஓம். நாம் அளந்தது 53.2. காயில் அப்படியே நன்றாகத்தான் இருக்கிறது. குறைந்தது லைனில் வருகிற வோல்ட். அவர் கடையில் சாயங்காலம் இன்னும் இறங்கும், சூடும் இறங்கும். பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

230 வோல்ட்டை அடிக்கடி வர்க்கம் போட வேண்டியிருக்கும். அதனால் 52,900 என்ற எண்ணை மட்டும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 52,900 ÷ வாட் = ஓம். 1500 வாட் ஹீட்டர் ராடு என்றால் 35.3 ஓம். 2000 வாட் கீசர் என்றால் 26.5 ஓம். கம்பெனிக்காரர்களும் அச்சு எடுத்த மாதிரி செய்வதில்லை. சூடாக்குகிற சாமான்களில் எழுதியிருக்கிற வாட்டை விட 5 சதவீதம் கூட, 10 சதவீதம் குறைவு வரை ஏற்றுக்கொள்வார்கள். அப்படிப் பார்த்தால் 1000 வாட் பெட்டியின் காயில் 50 ஓமிலிருந்து 59 ஓம் வரை எங்கே இருந்தாலும் நல்ல காயில். இந்த வரம்புக்குள் இருக்கிற காயிலை "வீக் ஆயிருச்சு" என்று சொல்லி மாற்றிக் காசு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அளக்கும் முறை

முதலில் வோல்ட். மல்டிமீட்டரின் கறுப்பு ஒயர் காம் என்று போட்ட ஓட்டையில், சிவப்பு ஒயர் வோல்ட், ஓம் இரண்டுக்கும் பொதுவான ஓட்டையில். திருகை ஏசி வோல்ட்டில் பெரிய எண்ணுக்கு வையுங்கள். சாதா மீட்டரில் 600 அல்லது 750 இருக்கும். நம் ஊரில் 230 வோல்ட் என்று பேர், பத்து சதவீதம் கூடக் குறைய வரலாம் என்று கணக்கு. அதாவது 207 முதல் 253 வரை. கிராமத்துக் கடைசிக் கம்பத்தில் இருக்கிற வீடுகளில் அதற்கும் கீழே போகும்.

சிவப்பு ஒயரை 10 ஆம்ப்ஸ் ஓட்டையில் சொருகிய நிலையில் மறந்தும் பிளக்கில் விடாதீர்கள். ஆம்ப்ஸ் ஓட்டைக்கு உள்ளே மின்தடை ஏறக்குறைய கிடையாது. பிளக்கில் நேரடி ஷார்ட் கொடுத்த மாதிரிதான். நல்ல மீட்டராக இருந்தால் உள்ளே பியூஸ் போகும். மலிவு மீட்டரில் பல சமயம் அந்த ஓட்டைக்குப் பியூஸே வைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்து ஆம்ப்ஸ். மல்டிமீட்டரை லைனை வெட்டி நடுவில் மாட்டி அளக்கலாம்தான், ஆனால் வீட்டுக் கரண்டில் அதைச் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். டாங் டெஸ்டர் வாங்குங்கள்; ஒயரை வெட்டாமல் வெளியிலிருந்தே கவ்வி ஆம்ப்ஸ் பார்க்கிற மீட்டர் அது. அதன் வாய்க்குள் ஒரே ஒரு ஒயர்தான் போக வேண்டும். மூன்று கோர் ஒயரை அப்படியே கவ்விப் பிடித்தால் பூஜ்யம் காட்டும், ஏனென்றால் ஃபேஸில் போகிற அளவே நியூட்ரலில் திரும்பி வந்து ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. புதிதாக வாங்கினவர்கள் "மீட்டர் ரிப்பேர்" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவது இதனால்தான்.

இதற்காக ஒரு சின்ன ஒயர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் த்ரீ பின் டாப், மறுபக்கம் சாக்கெட், நடுவில் இரண்டு முழத்துக்கு சிவப்பு, கறுப்பு, பச்சை என்று 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர்கள் தனித்தனியாக. அளக்க வேண்டிய சாமானை இதன் வழியாகப் போட்டு, சிவப்பை மட்டும் கவ்வினால் போதும். சிவப்பை இன்னும் நீளமாக விட்டுப் பத்துச் சுற்றாகச் சுருட்டி வைத்தால் இன்னொரு வசதி இருக்கிறது: அந்தப் பத்துச் சுற்றையும் சேர்த்துக் கவ்வினால் மீட்டர் பத்து மடங்கு காட்டும். அரை ஆம்ப்ஸுக்கும் கீழே இழுக்கிற சாமான்களுக்கு இது ரொம்ப உதவும். வந்த எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். மலிவு டாங் டெஸ்டர்கள் ஏசியில் மட்டும்தான் வேலை செய்யும். பேட்டரிப் பக்கம் அளக்க வேண்டுமென்றால் டிசியும் எடுக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இஸ்திரிப் பெட்டியில் தெர்மோஸ்டாட் இருப்பதை ஞாபகம் வையுங்கள். சூடு ஏறியதும் அது கட் செய்துவிடும், ஆம்ப்ஸ் பூஜ்யத்துக்குப் போய்விடும். திருகை முழுக்க வைத்து, விளக்கு எரிகிற நேரத்துக்குள் இரண்டு எண்களையும் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் நேரடியாக ஓம் பார்ப்பது. இதற்குச் சாமான் பிளக்கிலிருந்து கழற்றப்பட்டிருக்க வேண்டும். மீட்டரில் லாடம் மாதிரி இருக்கிற குறி ஓம் குறி. 200 என்ற இடத்தில் வையுங்கள். மீட்டர் ஒயர்களின் நுனியில் இருக்கிற இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். பூஜ்யம் வர வேண்டும், ஆனால் பெரும்பாலும் 0.3, 0.5 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் ஒயரின் மின்தடை. காயிலை அளந்து வருகிற எண்ணில் அதைக் கழித்துவிடுங்கள். 53 ஓம் காயிலுக்கு இது பொருட்டே இல்லை, கீழே சொல்லப்போகிற ஜாயின்ட் கணக்கில் இதுவே எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இஸ்திரிப் பெட்டியாக இருந்தால் திருகை ஆஃபிலிருந்து மேலே ஏற்றிவிட்டு டாப்பின் இரண்டு சின்னப் பின்களில் வையுங்கள். ஆஃபில் வைத்து அளந்துவிட்டு "காயில் கட்" என்று சொல்லாதீர்கள்.

ஓம் என்ற மனிதரே இந்த வோல்ட் தொல்லையில் மாட்டியவர்தான். ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். முதலில் அவர் பயன்படுத்திய மின்கலத்தில், கரண்ட் இழுக்க இழுக்க வோல்ட் இறங்கிக்கொண்டே போனது, அதனால் கணக்கு சரியாக அமையவில்லை. பிறகு பிஸ்மத்தும் செம்பும் சேர்த்த ஜோடி ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் கொதிக்கிற தண்ணீரின் சூட்டிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். சூட்டு வித்தியாசம் மாறாமல் இருந்ததால் வோல்ட்டும் மாறாமல் நின்றது. அப்புறம்தான் விதி பிடிபட்டது. 1827-ல் புத்தகமாக வந்தது. அவருக்கு அமைந்த அந்த அசையாத வோல்ட் நம் வீட்டுப் பிளக்கில் கிடையாது. அதனால் ஒவ்வொரு தடவையும் வோல்ட்டையும் சேர்த்தே அளக்க வேண்டியிருக்கிறது.

வோல்ட் குறைந்தால் வாட் எப்படி விழுகிறது

வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வாட்டும் பத்து சதவீதம்தான் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓம் மாறவில்லை என்றால் வோல்ட்டும் ஆம்ப்ஸும் இரண்டுமே சேர்ந்து குறையும், அதனால் வாட் இரட்டிப்பு வேகத்தில் விழும். 1500 வாட் ஹீட்டர் ராடு, 35.3 ஓம். 180 வோல்ட்டில் 180 × 180 ÷ 35.3 = 918 வாட். வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் போயிருக்கிறது, வாட்டில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் போய்விட்டது.

ஒரு வாளி, 20 லிட்டர் தண்ணீர், 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற வேண்டும் என்று வையுங்கள். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற 4,186 ஜூல் வேண்டும். 20 × 20 × 4,186 என்றால் சுமார் 16 லட்சத்து 74 ஆயிரம் ஜூல். ஒரு வாட் என்பது விநாடிக்கு ஒரு ஜூல். ஆகவே 1500 வாட்டில் 1,116 விநாடி, அதாவது பத்தொன்பது நிமிஷத்துக்குள். 918 வாட்டில் முப்பது நிமிஷம். "வோல்டேஜ் கம்மியா இருக்கிறதால பில்லும் கம்மியா வரும்ல?" என்று ஒரு அக்கா கேட்டார். வராது. அந்தத் தண்ணீருக்கு வேண்டிய சூடு அதேதான். இரண்டு பக்கமும் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழே, 0.465 யூனிட் ஆகும். சொல்லப்போனால் நேரம் கூடக் கூட வாளியிலிருந்து வெளியே போகிற சூடும் கூடும், அதனால் துளி அதிகமாகவே ஆகும்.

கறுத்துப்போன சாக்கெட்

இந்தக் கணக்கு எனக்கு மிகவும் பயன்பட்ட இடம் கீசர் சாக்கெட். 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் ஒரு ஓட்டை மட்டும் பழுப்பேறி, டாப்பின் பின் கறுத்து, லேசான பிளாஸ்டிக் வாடை. வீட்டுக்காரர்கள் கீசரைத்தான் சந்தேகப்படுவார்கள்.

மெயினை ஆஃப் செய்துவிட்டு, கீசரின் கீழ் மூடியைக் கழற்றி, உள்ளே ஒயர் வந்து சேர்கிற டெர்மினலில் மீட்டர் ஒயர்களை முதலைக் கிளிப் போட்டு மாட்டுங்கள். கையை எடுத்த பிறகே மெயினைப் போடுங்கள். கீசர் ஓடும்போது அங்கே 214 வோல்ட், ஃபேஸ் ஒயரில் 8.1 ஆம்ப்ஸ். அதே நேரத்தில், மெயின் போர்டுக்குப் பக்கத்தில், வேறு லைனில், எந்த லோடும் இல்லாத பிளக்கில் பார்த்தால் 226 வோல்ட்.

கீசர் காயில்: 214 ÷ 8.1 = 26.4 ஓம். 2000 வாட்டுக்குச் சரியாக இருக்கிறது. கீசருக்கு எந்தக் குறையும் இல்லை.

காணாமல் போனது 226 − 214 = 12 வோல்ட். அது வழியில் தொலைந்திருக்கிறது. வழியின் மின்தடை 12 ÷ 8.1 = 1.48 ஓம். அங்கே வீணாகிற வாட் 12 × 8.1 = 97 வாட்.

வழி முழுக்க ஒயரே இதைத் தின்கிறதா என்று பார்க்க வேண்டும். 2.5 ஸ்கொயர் செம்பு ஒயர் 1000 மீட்டருக்கு 7.41 ஓம். மெயின் போர்டிலிருந்து குளியலறைக்கு 12 மீட்டர். போக வர 24 மீட்டர். 24 × 7.41 ÷ 1000 = 0.178 ஓம். 8.1 ஆம்ப்ஸ் போனால் ஒயரில் விழ வேண்டியது ஒன்றரை வோல்ட்டுக்குள்தான். பன்னிரண்டில் அதைக் கழித்தால் பத்தரை வோல்ட் மிச்சம். அது சாக்கெட்டின் தளர்ந்த வாயிலும், முறுக்காமல் விட்ட ஸ்க்ரூவிலும் விழுகிறது. 10.5 × 8.1 = 85 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பை எரியும்போது கையால் பிடிக்க முடியாது. அதைவிட அதிகமான சூடு நகம் அளவு இடத்தில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. சாக்கெட் கறுக்காமல் என்ன செய்யும்?

இதைக் கீசரை நிறுத்திவிட்டு அளந்தால் ஒன்றும் தெரியாது. கரண்ட் ஓடாதபோது லூஸ் ஜாயின்ட்டில் வோல்ட் விழாது. டெர்மினலிலும் 226 தான் காட்டும். மல்டிமீட்டரின் பீப் சத்தமும் "கன்டினியூட்டி இருக்கு" என்று சந்தோஷமாகச் சொல்லும், ஒன்றரை ஓம் அதற்கு ஒரு பொருட்டா? லோடு போட்டு அளக்க வேண்டும் என்று பையன்களை நான் நச்சரிப்பது இதனால்தான். சாக்கெட்டையும் டாப்பையும் மாற்றி, கருகிய ஒயர் நுனியை நல்ல செம்பு வரும்வரை வெட்டி, திரும்பவும் ஸ்க்ரூ முறுக்கி அளந்தால் டெர்மினலில் 224 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும்.

நீள ஒயரோடு இருக்கிற ஜங்ஷன் பாக்ஸில் ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் சொருகுகிற வழக்கத்தையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒயர் மெலிசு, நீளம் அதிகம், அதைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் போட்டிருப்பார்கள். விழுகிற வாட் ஆம்ப்ஸின் வர்க்கத்தோடு ஏறும்: இரண்டு மடங்கு ஆம்ப்ஸ் என்றால் ஒயரில் நான்கு மடங்கு சூடு.

சூத்திரம் ஏமாற்றுகிற இடங்கள்

பழைய குண்டு பல்பு. 100 வாட் பல்பு எரியும்போது 52,900 ÷ 100 = 529 ஓம். அணைத்து, ஆறவைத்து மீட்டரில் பாருங்கள், நாற்பது ஓமை ஒட்டித்தான் காட்டும். அதை வைத்து வாட் கணக்குப் போட்டால் 1,300 வாட் பல்பு என்று வரும்! டங்ஸ்டன் இழை வெள்ளையாகக் கொதிக்கும்போது அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. பல்பு போடுகிற நொடியில் ஃபியூஸ் ஆவது அதிகம் என்பதற்கும் இதுதான் காரணம். இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கிற நிக்ரோம் கம்பி அப்படியில்லை. சூட்டில் அதன் ஓம் சில சதவீதம்தான் மாறும். அதனால் ஹீட்டர், கீசர், பெட்டி மூன்றையும் ஆறின நிலையில் ஓம் பார்த்து நம்பலாம்.

சீரிஸ் போர்டை, அதாவது ஒரு பல்பின் வழியாகவே சாமானுக்குக் கரண்ட் போகிற சோதனைப் பலகையை, நம்பி இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 100 வாட் பல்பை சீரிஸில் போட்டு 1000 வாட் பெட்டியைச் சோதித்தால், 529 ஓமும் 53 ஓமும் வரிசையாக நிற்கும். 230 வோல்ட்டில் 209 வோல்ட் பல்புக்கே போய்விடும், பெட்டிக்கு 21 வோல்ட்தான். பெட்டி முழு ஷார்ட்டாக இருந்தால் பல்புக்கு 230. இந்த இரண்டு வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பிரித்துச் சொல்வது கஷ்டம். காயில் கட்டா இல்லையா என்பதற்குச் சீரிஸ் பல்பு போதும். நல்ல காயிலா, ஷார்ட்டா என்பதற்கு ஓம் மீட்டர்தான்.

மோட்டார் இன்னொரு ரகம். வீட்டு ஒரு எச்.பி. தண்ணி மோட்டாரின் ரன்னிங் காயிலை மீட்டரில் பார்த்தால் சில ஓம்தான் காட்டும். நான்கு ஓம் என்று வைத்து 230 ஐ வகுத்தால் 57 ஆம்ப்ஸ். நிஜத்தில் டாங் டெஸ்டரில் ஏழு ஆம்ப்ஸை ஒட்டி இருக்கும். ஓடுகிற மோட்டார் தனக்குள்ளேயே எதிர் வோல்ட்டை உண்டாக்கிக்கொள்கிறது, அதனால் காயிலின் ஓம் மட்டும் ஆம்ப்ஸைத் தீர்மானிப்பதில்லை. ஷாஃப்ட் பிடித்துக்கொண்டு சுற்றாமல் நின்றால் அந்த எதிர்ப்பு போய்விடும், ஆம்ப்ஸ் பல மடங்கு ஏறும், கொஞ்ச நேரத்தில் காயில் வாடை வரும்.

மோட்டாரில் வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கினாலும் உண்மையான வாட் வராது. 230 × 7 = 1,610. அதோடு பவர் ஃபேக்டரையும் (அந்தப் பெருக்கலில் எத்தனை பங்கு நிஜ வாட் என்று காட்டுகிற எண்) பெருக்க வேண்டும், 0.8 என்று வைத்தால் 1,290 வாட். ஒரு எச்.பி. என்பது 746 வாட்தானே என்று கேட்பீர்கள். அது ஷாஃப்ட்டில் கிடைக்கிற வேலை, மிச்சம் மோட்டாரின் சூடாகவும் சத்தமாகவும் போகிறது. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இண்டக்‌ஷன் அடுப்பு இவற்றில் ஓம் பார்ப்பதே வீண். உள்ளே இருப்பது எலக்ட்ரானிக்ஸ்.

இ.பி. மீட்டரே வாட் மீட்டர்

மோட்டாருக்கும் ஃபேனுக்கும் நிஜ வாட் வேண்டுமென்றால், காசு செலவில்லாத கருவி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. இப்போதைய மின்வாரிய மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மின்னும் என்று அச்சடித்திருக்கும். 3200 என்றோ 1600 என்றோ வேறு எண்ணோ உங்கள் மீட்டரில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். 36,00,000 ÷ 3200 = 1,125. ஆக, ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே ஆகிற விநாடியால் 1,125-ஐ வகுத்தால் வாட். மீட்டரில் 1600 என்றிருந்தால் 2,250-ஐ வகுங்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ், டிவி பாக்ஸ், வைஃபை, இன்வெர்ட்டர் சார்ஜ் எதுவும் இருக்கக் கூடாது. விளக்கு மின்னாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு ஃபேனை மட்டும் போடுங்கள். 15 விநாடிக்கு ஒரு தடவை மின்னினால் 1,125 ÷ 15 = 75 வாட். கரண்ட் குறைவாக இழுக்கிற புது பி.எல்.டி.சி. ஃபேனில் 30 வாட் என்றால் முப்பத்தேழரை விநாடிக்கு ஒரு தடவைதான் மின்னும். மோட்டார், ஹீட்டர் போல வேகமாக மின்னுகிறவற்றுக்குப் பத்து மின்னலுக்கு எத்தனை விநாடி என்று செல்போனில் பார்த்து, 11,250-ஐ அந்த விநாடியால் வகுங்கள். பத்துக்கு 12 விநாடி என்றால் 937 வாட். இந்த எண்ணில் பவர் ஃபேக்டர் எல்லாம் அடங்கிவிட்டது, தனியாகப் பெருக்க வேண்டாம்.

ஷாக் எத்தனை ஆம்ப்ஸ்

ஹீட்டர் ராடு தண்ணீரில் ஷாக் அடிக்கிறது என்றால் அங்கும் முதல் வரிதான். ராடின் காயிலுக்கும் மேல் உறைக்கும் இடையே இருக்கிற மின்தடையை மெகர் வைத்துப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரின் சின்ன பேட்டரி வோல்ட்டில் பல கசிவு தெரியாது. மெகர் 500 வோல்ட் கொடுத்துப் பார்க்கும். பத்து லட்சம் ஓம் என்று வந்தால் 230 ÷ 10,00,000 = 0.00023 ஆம்ப்ஸ், கால் மில்லி ஆம்ப்ஸுக்கும் கீழே. பத்தாயிரம் ஓமுக்கு இறங்கியிருந்தால் 23 மில்லி ஆம்ப்ஸ். கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்க வீட்டில் போடுகிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் 30 மில்லி ஆம்ப்ஸுக்கானது, நடைமுறையில் 15-க்கும் 30-க்கும் நடுவில் எங்கேயாவது தட்டிவிடும். ஈரக் கை, ஈரக் கால் என்றால் உடம்பின் மின்தடை ஆயிரம் ஓமுக்கு வந்துவிடலாம். 230 ÷ 1000 என்றால் 230 மில்லி ஆம்ப்ஸ், ஆளைக் கொல்லத் தாராளமாகப் போதும். "ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா தட்டுது, எடுத்துருங்க" என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் ராடைத்தான் கேட்கிறேன்.

பேட்டரிப் பக்கம்

இன்வெர்ட்டரில் இதே வாட், வோல்ட் குறைவு. 600 வாட் லோடு 230 வோல்ட்டில் 2.6 ஆம்ப்ஸ். அதே 600 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் 50 ஆம்ப்ஸ், இன்வெர்ட்டரின் சொந்தச் செலவையும் சேர்த்தால் 60 வரை போகும். பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்து 0.01 ஓம் சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். 60 × 60 × 0.01 = 36 வாட் அந்த முனையிலேயே சூடாகப் போகும், 0.6 வோல்ட் விழும். இன்வெர்ட்டர் 'லோ பேட்டரி' என்று சீக்கிரமே கத்தும். 230 வோல்ட் பக்கம் அதே 0.01 ஓம் இருந்தால் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

0.01 ஓமைச் சாதா மல்டிமீட்டர் நேராகக் காட்டாது. லோடு ஓடும்போது டிசி மில்லிவோல்ட்டில் ஒரு முள்ளைப் பேட்டரியின் ஈயக் கட்டையிலும், மற்றதை அதன் மேல் மாட்டியிருக்கிற கிளாம்ப்பிலும் வையுங்கள். 600 மில்லிவோல்ட் காட்டினால், அதை டிசி டாங் டெஸ்டரில் வருகிற ஆம்ப்ஸால் வகுத்தால் ஓம் வந்துவிடும். பச்சையைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, காயவைத்து, சுரண்டி, முறுக்கி, மேலே வாசலின் தடவி, திரும்ப அதே இடத்தில் அளந்து பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் வேலை முடிந்தது.